கரண்ட் பில் ஏறினால் கம்ப்யூட்டர்தான் குற்றவாளியா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் அடுத்த கரண்ட் பில் அதிகமாக வந்தால் பழி யார் மீது விழும்? ஃப்ரிட்ஜை யாரும் திட்ட மாட்டார்கள். அது பத்து வருடமாகக் குடும்பத்தில் ஒருவர். நேற்று வந்த கம்ப்யூட்டர்தான் மாட்டிக்கொள்ளும்.

மதுரையில் என் பெரியப்பா வீட்டில் இதுதான் நடந்தது. கல்லூரியில் படிக்கும் தங்கைக்காக 2023 பிப்ரவரியில் ஒரு டெஸ்க்டாப் வாங்கினார். ஏப்ரலில் வந்த பில் 2,222 ரூபாய். அதற்கு முந்தைய பில் 1,593. "தம்பி, ரெண்டு மாசத்துக்கு அறுநூறு ரூபாய் தின்னுருச்சுப்பா இது. மூடி வைக்கச் சொல்லிட்டேன்" என்றார் போனில். கணக்கும் போட்டு வைத்திருந்தார். கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் 450 வாட்ஸ் என்று ஒட்டியிருக்கிறது. தினமும் 4 மணி நேரம் என்றால் 60 நாளில் 108 யூனிட்!

கணக்கு சரி, ஆனால் எடுத்துக்கொண்ட எண் தவறு. 450 வாட்ஸ் என்பது அந்தப் பெட்டியால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதுதான். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருப்பதால் தினமும் ஆயிரம் லிட்டரும் செலவாகிறது என்று சொல்வோமா? டைப் அடிக்கும்போதும், பாடம் பார்க்கும்போதும் கம்ப்யூட்டர் இழுப்பது அதில் ஒரு பங்குதான்.

எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கருவி எதுவும் வாங்க வேண்டாம். எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்பது மீட்டரிலேயே அச்சடிக்கப்பட்டிருக்கும். பெரியப்பா வீட்டு மீட்டரில் 3200. உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம். இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் மட்டும் ஓட விட்டோம். தங்கை டார்ச் பிடித்து எண்ணினாள். பத்து நிமிடத்தில் 64 மினுக்கல். அதாவது 0.02 யூனிட், மணிக்கு 0.12 யூனிட். தினம் 4 மணி நேரம் வீதம் 60 நாளுக்கு ஏறக்குறைய 29 யூனிட்.

பெரியப்பா நம்பவில்லை. "அப்ப அறுநூறு ரூபாய் எங்கப்பா போச்சு?"

இரண்டு பில்களையும் எடுத்து வைத்தேன். நம் வீடுகளில் பில் வந்தால் ரூபாயைத்தான் பார்க்கிறோம், யூனிட்டைப் பார்ப்பதில்லை. முந்தைய பில் 478 யூனிட், புதியது 534. ஏறியது 56 யூனிட். அதில் கம்ப்யூட்டர் 29. மீதி 27 யூனிட் வெயில் ஏறியதால் ஃபேனும் ஃப்ரிட்ஜும் எடுத்துக்கொண்டவை.

விஷயம் 500 என்ற கோட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு மானியம் போக 2.25 ரூபாய்தான். 500-ஐத் தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு 4.50. சரியாக 500 என்றால் பில் 1,725 ரூபாய். 501 என்றால் 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! (இதற்கு முன் 2017 கட்டணத்தில் பள்ளம் இன்னும் ஆழம். 500 யூனிட்டுக்கு 1,130, 510-க்கு 1,846.) 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி உயர்ந்ததால், உங்கள் பில்லை இப்போதைய அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். ரீடிங் எடுத்த தேதியையும் பாருங்கள். 60 நாளில் எடுக்க வேண்டியதை 66-ம் நாள் எடுத்தால், நீங்கள் கூடுதலாக எதுவும் ஓட்டாமலேயே கோட்டைத் தாண்டியிருப்பீர்கள்.

என்னைக் கேட்டால் இந்த முறை நியாயமில்லை. அதிகம் செலவு செய்பவரிடம் அதிகம் வாங்கட்டும், அது சரி. ஆனால் கூடுதல் விலை கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இருக்க வேண்டும். ஒரு யூனிட் தாண்டியதற்காக ஏற்கெனவே செலவான நூறு யூனிட்டின் விலையையும் ஏற்றுவதால்தான், வீட்டில் எந்தப் பொருள் எவ்வளவு தின்கிறது என்று சாதாரண ஆளுக்குப் புரியாமல் போகிறது. அப்புறம் ஒரு மாணவியின் கம்ப்யூட்டருக்குத் துணி போட்டு மூடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். கம்ப்யூட்டரே வராமல் இருந்திருந்தாலும் அந்த வீட்டில் 505 யூனிட் ஓடி, பில் 1,990 வந்திருக்கும். ஆக, கம்ப்யூட்டரால் ஏறியது 232 ரூபாய்தான்.

அதற்காகக் கம்ப்யூட்டரை முழு நிரபராதி என்றும் விட்டுவிட மாட்டேன். தங்கை சாப்பிடப் போகும்போது ஸ்கிரீன் சேவரில் மீன்களை நீந்த விட்டுப் போவாள். ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தாது, அது ஓடும்போதும் மானிட்டர் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் என்று போய், 15 நிமிடம் தொடாவிட்டால் ஸ்லீப் ஆகும்படி வைத்தேன். 10 வாட்ஸ் வை-ஃபை மோடம் இரவு பகலாக ஓடினால் 60 நாளில் 14 யூனிட் ஆகும். அதை இரவில் அணைக்கச் சொன்னேன்.

ஆனால் பெரிய திருடன் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தான். ஹாலில் இருந்த பழைய 75 வாட்ஸ் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 54 யூனிட், கம்ப்யூட்டரைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேன் அதே வேலையை 22 யூனிட்டுக்குள் முடிக்கும். ஃபேனை மாற்றினோம்.

ஜூன் பில் 491 யூனிட், 1,671 ரூபாய். டெஸ்க்டாப்பின் மேல் கிடந்த துணி போய்விட்டது. பெரியப்பா இப்போது தினமும் சாயங்காலம் டார்ச்சோடு மீட்டர் பெட்டிப் பக்கம் போய்விடுகிறார் என்று பெரியம்மா புலம்புகிறார்.