கிணற்றுக்குப் பீடம் ஏது?

நெடுந்தீவில் கிணறு வெட்டுபவன் ஓர் அளவுக்குமேல் ஆழம் போகான். போனால் நீர் உவர்க்கும் என்பது அவனது பட்டறிவு. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தேங்கும் மழைநீர், கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நிற்கும். மேலே ஒரு சாண் குறைந்தால், காலப்போக்கில் அடியிலிருந்து 40 சாண் உவர் ஏறும். 1889இல் ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபனும் 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது. சீரான மணல் நிலத்துக்குரிய இவ்விதி, வெடிப்பும் குழியும் நிறைந்த எமது கல்லில் எவ்வளவுக்குப் பொருந்தும்? அளந்தே அறியவேண்டும்.

அளப்பவர் யார்? எமது வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

மழையைக் கணிப்பவர் புவியியலாளர். அவர் கலைப்பீடத்தில் இருக்கின்றார். பாறையை அறிந்தவர் புவிச்சரிதவியலாளர். உப்பையும் நைத்திரேற்றையும் அளப்பவர் இரசாயனவியலாளர். அந்நீரைக் குடித்தவனின் நோயைக் காண்பவர் மருத்துவர். நீரிறைக்கும் இயந்திரம் பொறியியலாளருக்கு, தோட்டம் விவசாயபீடத்துக்கு. குடம் சுமக்கும் பெண்ணின் பொழுது எத்துறைக்கு? அது எவர் கணக்கிலும் இல்லை. கிணறு ஒன்று, அதனைப் பங்குபோட்டுக்கொண்ட பீடங்களோ பல.

இது தனிமனிதரின் குற்றமன்று. ஆய்வுகூடமும் ஆய்வேடும் பதவியுயர்வும் துறையின் பெயராலேயே வழங்கப்படும் இடத்தில், அயல்துறையோடு கூடி உழைப்பவன் தன் காலத்தை வீணாக்கியவனாகவே கருதப்படுவான். ஆய்வுக்கென இலங்கை செலவிடுவதோ தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை; அதிற் பத்திலொன்றளவே. அச்சிறு தொகையையும் துறைதோறும் பிரித்தால் எவருக்கும் நிறையாது. ஒரே கிணற்று நீரை நால்வர் நான்கு ஆண்டுகளில், நான்கு வெவ்வேறு பருவங்களில் அள்ளிச் சென்றால், நான்கு கட்டுரைகள் பிறக்கும். ஓர் உண்மை பிறக்காது.

“துறை கடந்தவன் எத்துறையிலும் ஆழமற்றவன்” என்று அறிஞர் சிலர் எச்சரிப்பர். அவ்வெச்சரிக்கை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் துறைகளை அழிக்குமாறு நாம் கேட்கவில்லை. 1957–58இல் சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு நடைபெற்றபோது, 60க்கு மேற்பட்ட நாடுகளின் வளிமண்டலவியலாளரும் சமுத்திரவியலாளரும் பிறரும் தத்தம் துறையிலேயே நின்றனர். நாட்காட்டியை மாத்திரம் பொதுவாக்கினர். அளவீடுகளைப் பொதுக் களஞ்சியங்களில் இட்டனர். பனிப்போரின் நடுவே அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இயன்ற ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்தின் இரு பீடங்களுக்கு இயலாதா?

நாம் வேண்டுவன மூன்று. நிதி துறைக்கன்றி வினாவுக்கு வழங்கப்படல் வேண்டும். வடகீழ்ப் பருவமழைக்கு முன்னும் பின்னும், குறித்த கிணறுகளில் குறித்த நாட்களில் எல்லோரும் கூடி அளத்தல் வேண்டும். அப்பதிவேடு தமிழிலே, தீவக மக்களும் வாசிக்கத்தக்கதாகத் திறந்திருத்தல் வேண்டும். கூட்டாய்வுக்குரிய புள்ளி, அதிற் பங்குகொண்ட கலைப்பீட மாணவனுக்கும் குறைவின்றிக் கிடைக்கட்டும்.

கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் தீவகத்துக்கு வந்துவிட்டதே, இனி ஆய்வு எதற்கு என்பாரும் உளர். இயந்திரத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? கழிவுவரும் உப்பு எக்கரையிற் சேரும்? மழை தரும் நீரை இழந்தபின் இயந்திரமும் பழுதுற்றால் யாரிடம் போவது? இவற்றுள் எவ்வினாவுக்கும் ஒரு துறை தனித்து விடை கூறாது.

நான் தீவகத்திற் பிறந்தவன். தண்ணீர் பவுசரின் ஓசை கேட்டுக் குடத்துடன் ஓடியவன். போர் வெறுமையாக்கிய எமது ஊர்களில் எஞ்சியோரும் மீண்டோரும் சிலரே. கிணறும் உவர்த்துவிட்டால் அவர்களும் குறிகட்டுவானில் இறங்கித் திரும்பாமற் போவர். அதன்பின் எழுதப்படும் ஆய்வேடு எத்துணைச் சிறந்ததாயினும், அதனை வாசிக்க அங்கே எவர் இருப்பார்?