முள்ளுக்காடு என்று தள்ளிவிடாதீர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் காடு என்று சொன்னால், மலைக்காடுதான் நம் நினைவுக்கு வரும். ஏரிக்கரையிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் நிற்பதை ‘முள்ளுக்காடு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், சென்னைச் சமவெளியின் இயற்கையான காடு உயரம் குறைந்த இந்தப் புதர்க்காடுதான். அதன் முழு உருவத்தைப் பார்க்க கிண்டி தேசியப் பூங்காவுக்கோ, மேடவாக்கம் அருகே உள்ள நன்மங்கலம் காப்புக்காட்டுக்கோ போக வேண்டும். சுமார் 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டியில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் பதிவாகியுள்ளன.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது? கொழிஞ்சியும் ஆவாரையும் எருக்கும் தழையுரம். நொச்சி, பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு. கிளுவை, உயிர்வேலிக்கு. களா, சூரை, காரை பூக்கும்போது தேனீ வரும். அதே தேனீதான் உங்கள் கத்தரிக்கும் பூசணிக்கும் வருகிறது.

ஊர்க் கருத்து ஒன்றாக இல்லை என்பதும் உண்மை. ஆடு வைத்திருப்பவருக்கு அது மேய்ச்சல் நிலம், மனை விற்பவருக்குத் தரிசு, புதிதாகக் குடிவந்தவருக்குப் பாம்புப் பயம். எல்லோரும் பேசட்டும். ஆனால், அங்கே என்ன இருக்கிறது என்பது முதலில் எழுத்தில் இருக்க வேண்டும்.

மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதலாவது. 2024-ல் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது கிராம சபைகள் தீர்மானம் போட்டன. விவசாயிகள் மதுரைக்குப் பேரணி சென்றனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராட்டம்தான் வென்றது, ஆனால், ஏற்கெனவே இருந்த அரசாணை அதற்குக் கொடுத்த பலம் சிறியதல்ல.

நம் பக்கம் அப்படி ஒரு தாள் இருக்கிறதா? பல்லுயிர்ச் சட்டம் 2002-ன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். கிராமத்துக்கு மட்டுமல்ல, மாநகராட்சிக்கும் இது பொருந்தும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். களாவும் நொச்சியும் அதில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

சீமைக்கருவேலம் அகற்றும் வேலையிலும் கவனம் தேவை. அது போகவேண்டிய மரம்தான். ஆனால், ஜேசிபி இறங்கினால் அதன் நிழலில் முளைத்த வேம்பும் நாவலும் சேர்ந்தே போகும். வேலை தொடங்கும் முன் நாட்டுக் கன்றுகளுக்குச் சுண்ணாம்பால் அடையாளம் வைத்துவிடுங்கள். அகற்றிய இடத்தில் கொன்றை, குல்மோகர் என்று ஒரே வகையை வரிசையாக நடுவது காட்டுக்கு ஈடாகாது.

பதிவேட்டுக்குத் தாவரம் பார்க்க ஏற்ற காலம் கார்த்திகை, மார்கழி. மழைக்குப் பின் சிறு செடிகளும் கொடிகளும் அப்போதுதான் கண்ணில் படும். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஊர்ப்பெயரை அவர்தான் சொல்வார். கிராம ஊராட்சியாக இருந்தால், பட்டியலை ஜனவரி 26 கிராம சபையிலேயே வைத்துவிடலாம்.