கமிஷன் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும்

கெடாவின் புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, வாழ்நாளில் மொத்தமாகக் கைக்கு வரும் ஒரே பெருந்தொகை ஊழியர் சேமநிதிதான். மரம் வெட்டியும் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு நின்றும் சேர்த்த பணம் அது. 55 வயதில் எடுக்கலாம். ‘உட்கார்ந்த இடத்தில் வருமானம்’ என்று கைப்பேசி வழியே வரும் திட்டங்களுக்கு இதைவிட நல்ல இரை இல்லை.

வித்தை பழையது. 1980களின் இறுதியில், தைப்பிங்கில் ‘பாக் மான் தெலோ’ எனப்பட்ட ஒஸ்மான் ஹம்சா, மாதம் 10 விழுக்காடு தருவதாகச் சொல்லிப் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டினார். பினாங்கின் ஜேஜேபிடிஆர் என்ற திட்டம் மாதம் 20 விழுக்காடு என்றது. 2017 ஏப்ரலில், கணக்குகளை யாரோ ஊடுருவிவிட்டதாக அறிவித்துக் கைவிரித்தது.

மாதம் 20 விழுக்காடு என்றால் என்ன? 1,000 ரிங்கிட்டை எடுக்காமல் விட்டால் ஓராண்டில் ஏறத்தாழ 8,900. நான்கு ஆண்டில் 63 லட்சம். சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு, ஆண்டுக்கே 6.3 விழுக்காடு. புதிதாகச் சேருகிறவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுப்பதைத் தவிர, இப்படிப்பட்ட வாக்குறுதியைக் காப்பாற்ற வேறு வழியே கிடையாது. ஆள் வரத்து குறைந்ததும் கடை மூடும்.

இன்றைய திட்டங்களுக்குக் கடைகூடத் தேவையில்லை. முதலில் 200 ரிங்கிட் போடச் சொல்வார்கள். சில நாளில் 50 ரிங்கிட் உண்மையாகவே வங்கிக் கணக்கில் விழும். செயலியில் தெரியும் தொகை நாளுக்கு நாள் ஏறும். நகையை அடகு வைத்துப் பெரிய தொகையைப் போட்டபின், எடுக்கப் போனால் ‘வரி கட்டு’, ‘கணக்கைத் திறக்கக் கட்டணம் கட்டு’ என்று மேலும் கேட்பார்கள். திரையில் ஏறியது பணமே அல்ல, வெறும் எண்.

இந்த எண்ணை நம்ப வைப்பது விளம்பரம் மட்டுமல்ல. “பெரியம்மா, நான் போட்டேன், காசு வந்துச்சு” என்று வீட்டுக்குள் வந்து சொல்லும் உறவுதான். ஆள் சேர்த்ததற்கு அந்த உறவுக்குக் கமிஷன் உண்டு என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது.

சட்டத்தில் குறை இல்லை. உரிமமின்றி வைப்புத்தொகை திரட்டினால், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை, 5 கோடி ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரமிட் திட்டங்களைத் தடுக்க 1993ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் தலைவர்கள் எல்லை தாண்டிவிடுகிறார்கள். பினாங்கின் எம்பிஐ என்ற திட்டத்தின் நிறுவனர் 2022இல் தாய்லாந்தில் கைதாகி, 2024இல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார். தாமானில் ஆள் சேர்த்தவர்களோ ஊரிலேயே இருக்கிறார்கள். அடுத்த திட்டத்துக்கும் அவர்களே ஆள் சேர்க்கிறார்கள்.

அவர்களும் ஏமாந்தவர்கள்தானே என்பது ஓரளவு நியாயமான கேள்வி. தன் பணத்தையும் இழந்து, தெரியாமல் உறவினரிடம் சொன்னவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. ஆனால் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் திட்டத்தின் பெயர் வந்த பிறகும் கமிஷன் வாங்கிக்கொண்டு ஆள் சேர்த்தவர் ஏமாந்தவர் அல்லர். அவர்மீது வழக்குத் தொடுத்து, வாங்கிய கமிஷனைப் பறிமுதல் செய்ய வேண்டும்.

தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூட்டாக முதலீடு செய்யத் தெரியாமல் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தவணை தவணையாகப் பணம் கட்டியவர்கள் அவர்கள். அந்தப் பணத்தில் வாங்கிய முதல் தோட்டமான புக்கிட் சிடிம் கெடாவில்தான் இருக்கிறது. அங்கே பணத்துக்கு ஈடாக நிலம் இருந்தது.

கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் மோசடித் திட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கூட்டங்களுக்கு மண்டபம் கொடுப்பதில்லை என்று இப்போதே தீர்மானம் போட வேண்டும். பணம் இழந்தவர்கள் வெட்கத்தில் மறைக்காமல் உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழைத்து, போலீஸ் புகாரும் செய்ய வேண்டும். புகாரில் அறிமுகம் செய்தவரின் பெயரும் இருக்கட்டும், அவர் உறவாக இருந்தாலும்.