அட்டவணைக்கு முன் வாக்கியம்

லத்தீன் கற்கும் மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் அயற்கூற்று வினா. 'என்ன படிக்கிறாய்?' என்பது லத்தீனில் 'க்விட் லெகிஸ்?'. 'நீ என்ன படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்' என்பது 'ஸ்கியோ க்விட் லெகாஸ்'. 'லெகிஸ்' இங்கே 'லெகாஸ்' ஆகிவிட்டது. இதைத்தான் 'சப்ஜங்டிவ்' வினைவடிவம் என்கிறார்கள்.

இவ்வடிவம் வேறு இடங்களில் விருப்பத்தையோ ஐயத்தையோ காட்டுவதுண்டு. அதனால் இங்கும் 'நீ என்ன படிக்கக்கூடும்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். 'தெரியும்' என்று சொன்ன பிறகு ஐயம் எங்கிருந்து வரும்? ஒரு கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பதற்கான அடையாளம்தான் அது. தமிழில் 'என்று' என்னும் சொல் செய்யும் வேலையை லத்தீனில் வினைச்சொல்லின் ஈறு செய்கிறது.

பழைய நாடகாசிரியர் ப்ளாட்டஸ் இதே இடத்தில் சாதாரண வினைவடிவத்தையும் எழுதியிருக்கிறார். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், சிசரோவின் உரைநடையில் சப்ஜங்டிவ் விதியாகவே நிலைத்துவிட்டது. வழக்கில் உறுதிப்பட்ட விதி இது. பொருளை மாற்ற வந்ததன்று.

ஆகவே மாணவர்களே, ஈறுகளின் அட்டவணையை மனனம் செய்வது மட்டும் போதாது. முதலில் கேட்டல், அறிதல் போன்றவற்றைக் குறிக்கும் வினையைத் தேடுங்கள். பிறகு வினாச்சொல்லைத் தேடுங்கள். இரண்டும் கிடைத்துவிட்டால் 'லெகாஸ்' உங்களை மிரட்டாது. 'படிக்கிறாய்' என்றே துணிந்து எழுதலாம்.