பள்ளிக்கூட மடல்: ஆறுக்கு இரண்டு



இம்மாதம் 12-ஆம் தேதி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. "ஜனவரியில் பள்ளி திறப்பதும் ஒரு செய்தியா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். செய்திதான். கோவிட் நோய் வந்து 2020 மார்ச் 18-இல் நாட்டை அடைத்ததிலிருந்து நம் பள்ளி நாள்காட்டியும் இடம் மாறிப் போயிருந்தது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் மார்ச் மாதத்தில்தான் கல்வியாண்டு தொடங்கியது. சென்ற ஆண்டு பிப்ரவரி. இந்த 2026-இல்தான் மறுபடியும் பழைய வழக்கத்துக்கு வந்திருக்கிறோம்.

வந்த வேகத்தில் உங்கள் கைப்பணம் கரைந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தீபாவளிக் கடன் அடைபடுவதற்குள் பையும் காலணியும் வாங்க வேண்டியதாயிற்று. ஒரு தாயார், "ஒரு வருசத்துல ரெண்டு சப்பாத்து வாங்க வெச்சிட்டீங்களே சார்!" என்று என்னைக் கடிந்துகொண்டார், நாள்காட்டியை நான்தான் மாற்றினேன் என்பது போல. தொடக்கக்கால உதவித்தொகை 150 வெள்ளியைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2023 முதல் இது குடும்ப வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. அப்பா சம்பளம் கூடுதல், அம்மாவும் வேலைக்குப் போகிறார் என்று நீங்களே ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். பள்ளியிலிருந்து தாள் வரும்போது உங்கள் அடையாள அட்டையோடு வந்து கையெழுத்திட்டால் போதும்.

ஒன்றாம் ஆண்டில் இவ்வாண்டு சேர்ந்த பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். பள்ளி வேன் ஒன்றில் ஏற்றினால் இடம் மிச்சம் இருக்கும். நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பார்கள். இன்று 530-க்கும் சற்றுக் குறைவு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. பிள்ளைகள் ஈப்போவின் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். இதையெல்லாம் நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆனால் சிறிய பள்ளியில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் அழைத்து வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். யாரும் பின்வரிசையில் ஒளிந்துகொள்ள முடியாது.

அப்படித்தான் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நிற்க. டிசம்பர் கடைசியில் உங்கள் வீட்டுக்கு ஒரு தாள் வந்திருக்கும். பிள்ளையின் பெயர், பாடங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓர் எண். எத்தனை பேர் அதை முழுதாகப் பார்த்தீர்கள்? எத்தனை வீட்டில் அது பையின் அடியில் ரொட்டித் துணுக்குகளோடு கிடக்கிறது?

ஒரு தாயார் பார்த்தார். மூன்றாம் ஆண்டு முடித்த பையனின் அம்மா. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். பள்ளி முடிவதற்கு இரண்டு நாள் முன்னால், வேலை விட்ட கையோடு, தூங்காத கண்ணோடு ஒரு டப்பா லட்டுடன் வந்தார். "சார், எம்மவன் தமிழ்ல ரெண்டாவது, மலாயில ரெண்டாவதாம்! கணக்குல மூணாவது. நான் நெனச்சே பாக்கல சார்" என்றார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

அந்தத் தாளில் இருந்தது 'தர அடைவு 2'. இரண்டாவது இடம் அல்ல. ஆறு படிகளில் இரண்டாவது படி. ஆறுதான் உச்சம். பையனுக்கு வாசிப்பு இன்னும் வரவில்லை என்பதைத்தான் நான் அப்படி எழுதியிருந்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். வாயெடுத்தேன், வரவில்லை. லட்டை எடுத்துச் சாப்பிட்டேன். "நன்றிம்மா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

பிழை அந்தத் தாயாருடையதா? அவர் படித்த காலத்தில் தாளில் எண் இருந்தால் அது வகுப்பில் எத்தனையாவது என்றுதான் பொருள். அதற்குப் பிறகு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988-இல் வந்தது. ஏழு ஏ, எட்டு ஏ என்று நாளிதழில் படம் போட்டுக் கொண்டாடினோம். கடைசியாகப் பிள்ளைகள் அதை எழுதியது 2019-இல். 2020-இல் நோயால் நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் கல்வி அமைச்சு அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. இப்போது ஆண்டு முழுவதும் ஆசிரியர் வகுப்பில் பார்த்துக் கணிக்கும் வகுப்பறை மதிப்பீடு. என் கருத்தைக் கேட்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒரே வாரத்தில் எடைபோட்ட பழைய முறையைவிட இது நல்லது. ஆனால் பழைய முறையில் ஏ என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் புரிந்தது. புதிய முறையை உங்களுக்குப் புரியும்படி நாங்கள் சொல்லவே இல்லை.

இப்போது சொல்கிறேன். பால்வெட்டுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். இது வெட்டுக் கத்தி, இது மங்கு, இது பட்டை என்று அடையாளம் தெரிந்தால் அது முதற்படி. கோடு ஏன் சாய்வாகப் போகிறது, ஆழம் போனால் மரம் ஏன் கெடும் என்று புரிந்தால் இரண்டாம் படி. கத்தியைக் கையில் வாங்கி, மரத்தில் காயம் படாமல் தானே வெட்டினால் மூன்றாம் படி. முறை தவறாமல், வரிசை தவறாமல் வெட்டிக்கொண்டே போனால் நான்கு. கோணல் மரம், கிழட்டு மரம் எது வந்தாலும் யோசித்துச் சமாளித்தால் ஐந்து. கங்காணி மற்றவர்களை அழைத்து, "இவன் வெட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றால் ஆறு. (பால்மரத்தையே பார்த்திராத இளம் தாய்மார்கள் தோசையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாவைத் தெரிந்திருப்பது வேறு, வட்டமாக ஊற்றுவது வேறு.)

மூன்றுதான் குறைந்தபட்சம். ஒன்று, இரண்டு என்று தாளில் இருந்தால் பிள்ளைக்குப் பாடம் இன்னும் கைவரவில்லை என்று பொருள். திட்டுவதற்கு அல்ல, ஆசிரியரைத் தேடி வருவதற்கு அந்த எண்.

இரண்டு நாள் அந்த லட்டு என் தொண்டையிலேயே இருந்தது. பள்ளி மூடிய அன்று மாலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முன்பு தோட்ட லயமாக இருந்த வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மைலோ கலந்து கொடுத்தார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆறுக்கு ரெண்டா சார்?" என்றார்.

"ஆமாம்மா."

"அன்னிக்கே ஏன் சார் சொல்லல? லட்ட வாங்கிச் சாப்ட்டீங்களே!"

இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

ஜூலையில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தேனே என்று மெல்லக் கேட்டேன். அவர் பார்த்ததே இல்லை. கையெழுத்தோடு திரும்பி வந்த கடிதம் அது. பையன் கதவு மறைவிலிருந்து எட்டிப் பார்த்து, உடனே தலையை இழுத்துக்கொண்டான். வாசிக்கத் தெரியாதவன் அம்மாவின் கையெழுத்தைப் போடத் தெரிந்துகொண்டிருக்கிறான்! கடிதமும் மலாய்மொழியில் அச்சடித்த படிவம். அதை அந்தத் தாயார் பார்த்திருந்தாலும் என்ன புரிந்திருக்கும்? இரண்டு வரி தமிழில் எழுத எனக்குக் கை வலித்ததா?

பையனையும் ஒரேயடியாகக் குறை சொல்வதற்கில்லை. 2016-இல் பிறந்தவன். பாலர் பள்ளியில் அ, ஆ சொல்ல வேண்டிய 2021-இல் கதவுகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அக்டோபரில்தான் பள்ளிகள் மறுபடியும் கட்டங் கட்டமாகத் திறந்தன. பாடம் கைப்பேசியில் வந்தது. வீட்டில் இருந்த ஒரு கைப்பேசியும் அம்மாவோடு வேலைக்குப் போய்விட்டது. இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

உங்கள் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று தெரிந்துகொள்ள நீங்கள் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு சூழ்ச்சி சொல்கிறேன். பாடநூலைத் திறந்து "வாசி" என்றால் பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும். பலமுறை கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். படத்தைப் பார்த்தே கதை சொல்லும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே படத்தைக் கையால் மறையுங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். பிறகு கடைசி வரியிலிருந்து மேலே வரச் சொல்லுங்கள். அங்கே திணறினால் உண்மை தெரிந்துவிடும். அரிசிப் பை, தைலப் புட்டி, கோயில் அறிக்கை எதுவும் பாடநூல்தான்.

தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதிய ணை, லை, னை வேறு. யானைத் துதிக்கை போலக் கொம்பு வைத்து எழுதினீர்கள். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் பிறகு நம் பாடநூல்களுக்கும் வந்தது. பேரப்பிள்ளை புதிய எழுத்தை எழுதும்போது "தப்பு" என்று அடித்துவிடாதீர்கள். ஒரு பெண்பிள்ளை இதற்காக அழுதுகொண்டே வந்தாள்.

அந்தத் தாயாரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். தொழிற்சாலை வேன் மாலை ஆறே முக்காலுக்கு வரும். அதற்கு முன் பத்து நிமிடம், அவர் தலை வாரிக்கொண்டிருக்கும்போது பையன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் திருத்த வேண்டாம், கேட்டால் போதும். விடுமுறை மூன்று வாரமும் அப்படி நடந்ததாகச் சொன்னார். இரண்டொரு நாள் கண் அசந்துவிட்டதையும் மறைக்காமல் சொன்னார். பள்ளி திறந்ததும் பையனை வாசிக்க வைத்தேன். படம், மரம், வயல் என்ற சிறிய சொற்கள் வருகின்றன. க்க, த்த, ற்ற என்று ஒற்று வந்தால் வண்டி நின்றுவிடுகிறது. மலாய்மொழி இன்னும் அப்படியே இருக்கிறது. நான்காம் ஆண்டுப் பாடமோ காத்திருக்கவில்லை. மதியம் அரை மணி நேரம் அவனையும் அவனைப் போன்ற இன்னும் மூவரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். கூட்டிப் போக வரும் பெற்றோர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றச் செய்திகள். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சுகாதாரக் குழுவினர் பள்ளிக்கு வந்து ஊசி போடுவார்கள். தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் ஒன்று, தொண்டை அடைப்பானுக்கும் இசிவு நோய்க்கும் ஒன்று. ஒப்புதல் தாளில் கையெழுத்து இல்லாவிட்டால் போட மாட்டார்கள். இந்த முறை கையெழுத்தைப் பெற்றோரே போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் பழைய ஈயக்குட்டைப் பக்கம் மீன் பிடிக்கப் போவதாகக் கேள்வி. கோப்பெங் வட்டாரமே ஈயம் தோண்டிய மண். 1985-இல் ஈய விலை விழுந்து லம்பங்கள் மூடிய பிறகு குழிகளில் நீர் நின்றுவிட்டது. ஆற்றங்கரை போல அங்கே படிப்படியாக ஆழம் வராது. ஓரடி வைத்தால் கால் எட்டும், அடுத்த அடியில் எட்டாது. மழை பெய்த பின் கரை மணலும் சரியும். நீச்சல் தெரிந்த பிள்ளையையும் விடாதீர்கள்.

பொங்கல் 15-ஆம் தேதி வியாழக்கிழமை. அன்று பள்ளி உண்டு. மறுநாள் பள்ளியிலேயே பானை வைக்கிறோம், கரும்பு கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. மறுநாள் திங்களும் நமக்கு விடுமுறை. ஈப்போ கல்லுமலைக்குப் போகிறவர்கள் நன்றாகப் போய் வாருங்கள். செவ்வாய்க்கிழமை பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும் வழக்கத்தை மட்டும் இந்த ஆண்டு விட்டுவிடுவோம்.

17-ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். டிசம்பர் மாதத் தாளைத் தேடி எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொருவராக உட்கார வைத்து, தமிழில், ஓர் எண்ணும் விடாமல் சொல்லுவேன். இரவு வேலை முடிந்து வருகிறவர்களை முதலில் பார்த்து அனுப்பிவிடுகிறேன். தேநீரும் வடையும் சங்கத்தின் செலவு. இனிப்பு யாரும் கொண்டு வர வேண்டாம்.