ஒற்றர்களின் நட்பும் மக்களின் சமாதானமும்

1963ஆம் ஆண்டு, கிழக்கு பெர்லின். கார் பழுதுபார்க்கும் இளம்பெண் ஒருத்தியைச் சுவருக்கு அப்பால் கொண்டுசெல்ல முயல்கிறான் ஓர் அமெரிக்க உளவாளி. அவர்களைத் துரத்தும் சோவியத் உளவாளி, ஓடும் காரின் பின்புற மூடியை வெறுங்கையால் பிய்த்தெடுக்கிறான். அடுத்து, இருவரின் மேலதிகாரிகளும் அவர்களை நேருக்கு நேர் அமர்த்தி, இனிச் சேர்ந்து பணியாற்ற வேண்டும் என உத்தரவிடுகின்றனர். கை ரிச்சி இயக்கத்தில் 2015இல் வெளிவந்த ‘தி மேன் ஃப்ரம் அங்கிள்’ திரைப்படம் இவ்வாறு தொடங்குகிறது.

இத்தகைய படங்களைப் பற்றி முற்போக்கு அணிகளில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ‘ஹாலிவுட் குப்பை’ என ஒதுக்குவது ஒன்று. ‘வெறும் பொழுதுபோக்குதானே’ என விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டுமே ஆய்வுக்குரிய உழைப்பைத் தவிர்க்கும் வழிகள். கோடிக்கணக்கானோர் விரும்பிப் பார்க்கும் ஒரு வகைப் படத்தில் அவர்களைக் கவர்வது எது, அவர்களிடமிருந்து மறைக்கப்படுவது எது என்று கேட்பதே பயனுள்ளது.

கவர்ச்சி எளிதில் விளங்கக்கூடியதே. சிஐஏவின் நெப்போலியன் சோலோவும் கேஜிபியின் இல்லியா குரியாகினும் ஒருவர் அறையில் மற்றவர் ஒட்டுக்கேட்கும் கருவிகளைப் பொருத்துகின்றனர். பிறகு அவற்றைக் கண்டெடுத்து, உரியவரிடமே திருப்பித் தருகின்றனர். தொழிற்சாலைக்குள் நுழையும்போது, யாருடைய நாட்டின் கருவி சிறந்தது என்ற போட்டி நடக்கிறது. குரியாகின் படகில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, சோலோ ஒரு லாரியில் அமர்ந்து, வானொலிப் பாட்டைக் கேட்டபடி நிதானமாகச் சாப்பிடுகிறான். பிறகு மனம் பொறுக்காமல் லாரியோடு நீரில் பாய்ந்து எதிரியைக் காப்பாற்றுகிறான். அந்தச் சில நிமிடங்கள் சிரிக்கவும் வைக்கின்றன. பகைவன் என்று கற்பிக்கப்பட்டவனும் மனிதனே என்பதைப் பிரசங்கமின்றி உணர்த்தவும் செய்கின்றன.

இந்த உணர்வுக்கு ஒரு வரலாறு உண்டு. இப்படத்தின் மூலமான தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவில் 1964 முதல் 1968 வரை ஒளிபரப்பானது. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த வேளையில், ஒரு சோவியத் குடிமகனை நாயகனாக ஏற்று அமெரிக்க இளைஞர்கள் கொண்டாடினர். கம்யூனிச வெறுப்பில் வளர்க்கப்பட்ட தலைமுறை ஒன்று குரியாகினை நேசித்தது சிறிய செய்தியன்று. இந்தியாவிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 2012இல் வெளிவந்த ‘ஏக் தா டைகர்’ இந்திப் படத்தில் இந்திய உளவாளியும் பாகிஸ்தான் உளவாளியும் காதலித்து, இரு நாட்டு உளவு நிறுவனங்களிடமிருந்தும் தப்பி ஓடுகின்றனர். அப்படத்தை வெற்றிபெறச் செய்தவர்களும் சாதாரண மக்களே. அரசுகள் பகையை ஊட்டும் இடங்களிலும் நட்பைக் காண விழையும் ஏக்கம் மக்களிடம் அணைவதில்லை.

குறைகள் இங்கிருந்தே தொடங்குகின்றன. படத்தின் வில்லன்கள் அணுகுண்டு தயாரிக்க முனையும் இத்தாலியப் பெருமுதலாளித் தம்பதியர். நாஜி மிச்சங்களோடு கைகோத்தவர்கள். அவர்களை அழிக்க சிஐஏ புறப்படுவதாகக் கதை சொல்கிறது. வரலாறு சொல்வது வேறு. கிழக்குப் போர்முனையில் ஹிட்லர் படையின் உளவுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ரைன்ஹார்ட் கெலன், போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்தாலும் பிறகு சிஐஏவாலும் போற்றி வளர்க்கப்பட்டார். 1956 முதல் 1968 வரை மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறைத் தலைவர் அவரே. அதாவது, கதை நிகழும் 1963இலும் அவர் அப்பதவியில் இருந்தார். கைதிகளின் அடிமை உழைப்பில் உருவான வி-2 ஏவுகணையின் சிற்பி வெர்னர் ஃபான் பிரவுன், அதே ஆண்டில் அமெரிக்க விண்வெளி மையம் ஒன்றின் இயக்குநர். சோவியத் அரசும் ஜெர்மானிய நிபுணர்களைப் பயன்படுத்திக்கொண்டது உண்மையே. ஆயினும் நாஜி ஒற்றர் தலைவனையே ஒரு நாட்டின் உளவுத்துறைக்குத் தலைவனாக்கியது வாஷிங்டனின் அணிதான்.

ரோம் நகரைப் படம் மிக அழகாகக் காட்டுகிறது. ஆனால் 1963 தேர்தலில் இத்தாலிய வாக்காளர்களில் நால்வரில் ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களித்தனர் என்பதற்கான சுவடே அதில் இல்லை. 1948 தேர்தலில் இடதுசாரிகளைத் தோற்கடிக்க சிஐஏ அந்நாட்டில் பணத்தை இறைத்தது. 1953இல் ஈரானிலும் 1954இல் குவாத்தமாலாவிலும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகளைக் கவிழ்த்த நிறுவனமும் அதுவே. சோலோவின் மடிப்புக் கலையாத கோட்டில் இவற்றின் கறை எதுவும் படியவில்லை.

பாத்திரப் படைப்பிலும் தராசு சாய்ந்தே நிற்கிறது. அமெரிக்கனுக்கு ரசனையும் சாமர்த்தியமும். ரஷ்யனுக்கு உடல்வலிமையும் கட்டுக்கடங்காச் சினமும். பெண்ணின் ஆடைக்கு எந்த இடைக்கச்சை பொருந்தும் என்று குரியாகின் நுட்பமாக வாதிடும் காட்சி போன்ற ஓரிரு விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் எந்திரங்களை ஆளும் தொழிலாளியாக வரும் கேபி, இரட்டை வேடம் தாங்கும் அளவு துணிந்தவள் என்றாலும், இறுதியில் ஆண்களால் மீட்கப்பட வேண்டிய பிணையாகச் சுருங்குகிறாள். நாஜிச் சித்திரவதையாளன் ஒருவன், நாயகர்கள் வெளியே பேசிக்கொண்டிருக்கையில் தன் மின்நாற்காலியிலேயே எரிந்து சாவது நகைச்சுவையாக்கப்படுகிறது. பாசிசத்தின் பலிகளுக்குரிய நீதி ஒரு சிரிப்போடு முடிந்துவிடுகிறது.

எனினும் படத்தின் மிகச் சிறந்த கணம் கடைசியில் வருகிறது. அணுகுண்டு ஆராய்ச்சிப் பதிவைக் கைப்பற்றி, தேவையானால் மற்றவனைக் கொன்றுவிட வேண்டும் என இருவருக்கும் தத்தம் எசமானர்களின் உத்தரவு வருகிறது. களவுபோன குரியாகினின் தந்தையின் கைக்கடிகாரத்தைச் சோலோ திருப்பித் தருகிறான். இருவரும் அந்தப் பதிவைத் தீயிட்டு எரித்துவிட்டு, சேர்ந்து மது அருந்துகின்றனர். மேலிடத்துக்குக் கீழ்ப்படிய மறுத்ததால் மட்டுமே அவர்களின் நட்பு பிழைக்கிறது. ஆனால் இந்த உண்மையைத் தொட்ட மறுகணமே படம் பின்வாங்குகிறது. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் வந்து, மூவரையும் புதியதோர் உளவு நிறுவனத்தில் சேர்த்து, அடுத்த பணிக்கு அனுப்பிவிடுகிறார். எசமானர்களை மறுத்தவர்களுக்குப் புதிய எசமானர் கிடைத்துவிட்டார்!

இங்கே முற்றிலும் காணாமல் போனவர்கள் மக்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள் மீது பொழிந்தது. அதையடுத்து ஜப்பானியப் பெண்கள் வீடு வீடாகக் கையெழுத்துத் திரட்டினர். ஏப்ரலில் இந்திய நாடாளுமன்றத்தில் நேரு, அணுச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று கோரினார். 1958 முதல் பிரிட்டனில் ஆல்டர்மாஸ்டன் பேரணிகள் நடந்தன. 1961 நவம்பர் 1 அன்று அமெரிக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைகளை விட்டுவிட்டு வீதிக்கு வந்தனர். இத்தனை நிர்ப்பந்தத்தின் பின்னணியில்தான் 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில், நிலத்தடி தவிர்ந்த அணுச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. படம் சித்திரிக்கும் அதே ஆண்டு, படம் சொல்லாத கதை.

ஆகவே தோழர்கள் இப்படத்தைப் பார்க்கக் கூடாது என்பதில்லை. பார்க்கட்டும், லாரி நீரில் பாயும் காட்சியில் மனம்விட்டுச் சிரிக்கட்டும். சிரிப்பு அடங்கியபின், உடன் பார்த்த இளைஞரிடம் 1963இல் அணுகுண்டுக்கு எதிராக வீதியில் நின்றவர்கள் யார் என்று கேட்கட்டும். நட்பை விரும்பும் அந்த இளைஞரின் உள்ளம் படத்தைவிட நல்லதொரு விடைக்குத் தகுதியுடையது. அந்த விடையைச் சொல்லும் பொறுப்பு நம் இயக்கத்தினுடையது.