360 டிகிரி போட்டோவுக்குப் பெயர் 3டியா?

தலையில் ஒரு விஆர் கண்ணாடியை மாட்டிவிட்டு, "ஸ்ரீரங்கம் கோயிலை அப்படியே 3டியில் பாருங்கள்" என்கிறார்கள். தலையைத் திருப்பினால் படமும் திரும்புகிறது. சரி, ஒரு அடி முன்னால் வைத்தால்? தூண் கிட்டே வராது. சேஷராயர் மண்டபத்துக் கல்குதிரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால்? ஒன்றும் தெரியாது. அங்கே குதிரையே இல்லையே! பெரிய உருண்டை ஒன்றின் உள்பக்கம் ஒட்டிய போட்டோ, அவ்வளவுதான். 1968-ல் ஐவன் சதர்லாந்து செய்த முதல் கருவியில் வெறும் கோடுகள்தான் தெரிந்தன. ஆனால் பார்ப்பவர் நகர்ந்தால் அந்தக் கோடுகளும் அதற்கேற்ப மாறின.

நிஜமான 3டி மாடல் வேறு. லேசர் ஸ்கேனர் வைத்தோ, எல்லாக் கோணத்திலும் நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்தோ, ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு உருவாக்குவது. அதில் அளவு இருக்கும். கண்ணாடிக்குள் பார்ப்பதன் பலனும் அந்த அளவுதான். மானிட்டரில் 236 அடி ராஜகோபுரமும் கொலு பொம்மையும் ஒரே உயரம். கண்ணாடிக்குள் கோபுரத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பத்தாவது நிலைக்கு ஏறி, அங்குள்ள சுதைச் சிற்பத்தை முகத்துக்கு நேராகவும் பார்க்கலாம். 1987-க்கு முன் நானூறு வருஷம் அது மொட்டைக் கோபுரமாக நின்றதையும் காட்டலாம்.

"எதற்கு இதெல்லாம்? சத்திரத்தில் 1-ஆம் நம்பர் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கம்" என்பவர்களும் உண்டு. தரிசனத்துக்கு அந்த பஸ்தான் சரி, கண்ணாடிக்குள் தீர்த்தமும் துளசியும் கிடைக்காது. ஆனால் பத்தாவது நிலைக்கு எந்த பஸ் போகிறது? மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைந்த குகையில் கங்காதரர் சிற்பம் இருக்கிறது. படியேற முடியாத முழங்கால்களுக்கு என்ன வழி? மாடலாக இருந்தால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி உளி பட்ட இடத்தைக்கூடப் பார்க்கலாம். (உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஓடுகிற அவசரத்தில் அந்தக் குகையை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்பது தனிக்கதை.)

வேடிக்கை காட்டுவதோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. 2023 ஆகஸ்ட் 5 அதிகாலையில் ஸ்ரீரங்கம் கிழக்கு வாசல் கோபுரத்தில், ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நள்ளிரவு தாண்டிய நேரம், ஆள் சேதம் இல்லை. விழுந்ததை மறுபடி கட்டும்போது பழைய வளைவு, பழைய கனம், சுதையின் மூக்கும் விரலும் எதைப் பார்த்துச் செய்வது? போட்டோவைப் பார்த்தா? பாரிஸில் நோத்ர் தாம் தேவாலயம் 2019-ல் எரிந்தபோது, ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் 2010-ல் எடுத்து வைத்த லேசர் ஸ்கேன் இருந்தது. மறுபடி கட்டியவர்களுக்கு அது கைகொடுத்தது. 2024 டிசம்பரில் கதவு திறந்துவிட்டார்கள்.

திருச்சியில் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பஞ்சமா? கண்காட்சிக்குக் கண்ணாடி வாங்குகிற காசில் ஒரு மண்டபத்தையாவது ஒழுங்காக அளக்கலாம். அதுவரை, "3டி" என்று யாராவது கண்ணாடியை நீட்டினால் மாட்டிக்கொண்டு தரையில் குந்திப் பார்க்கட்டும். மண்டபத்து மேடை கண்ணுக்கு நேரே உயர்ந்தால் அது மாடல். உயரவில்லையா, கழற்றிக் கொடுத்துவிட்டு அதன் அளவுகள் எங்கே என்று கேட்கட்டும்.